நூறும் நூற்றைம்பதும் சேர்ந்தால் இருநூற்று முப்பது! வேலம்பாளையம் பனியன் பட்டறைகளில் ஒரு விசித்திரக் கணக்கு

பாத்திரத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர் அனுப்பர்பாளையம். அதை அடுத்து இருக்கிறது வேலம்பாளையம். பெயருக்கு முன்னால் 15 என்ற எண்ணையும் சேர்த்து, “15 வேலம்பாளையம்” என்றே பலரும் சொல்வார்கள். முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 2011-ம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

காலையில் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வீடு எந்திரச் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் எந்திரங்கள். இன்னொரு பக்கம் ஓவர்லாக், பேட்லாக் தையல் எந்திரங்கள். “பவர் டேபிள்” என்று இவற்றைச் சொல்கிறார்கள். முன் அறையில் எந்திரம், பின் அறையில் குடும்பம் என்று வாழ்கிறவர்களும் உண்டு.

இந்தத் தெருக்களில் மின்சார பில் வருகிற நாளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

“என்னுங்க தம்பி இது? மெசினு அதே மெசினு. ஓட்டுன நேரமும் அதே நேரம். பில்லு மட்டும் இப்படி ஏறிக் கெடக்குது?” என்று பட்டறைக்காரர் கேட்பார்.

பில்லைப் பார்த்துவிட்டு ஒயர்மேன் சொல்வார்: “யூனிட்டு ஏறலைங்கண்ணா. பவர் பேக்டர் எறங்கிப் போச்சுங்க. இது அதுக்குண்டான பணமுங்க.”

“நான் ஓட்டாத கரண்டுக்கு நான் எதுக்குங்க பணம் கட்டோணும்?”

நியாயமான கேள்விதான். கூலிக்குத் துணி பின்னிக் கொடுக்கிறவருக்கு, கிலோ ஒன்றுக்குக் கிடைப்பது சில ரூபாய்கள். அதில் நூல் கழிவு போக வேண்டும். ஆள் கூலி போக வேண்டும். வாடகை போக வேண்டும். மீதி இருப்பதில்தான் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம். அந்த மீதியில் பவர் பேக்டர் வந்து கை வைத்தால் வயிறு எரியாதா?

பவர் பேக்டர் என்றால் என்ன? தமிழில் அதற்குத் “திறன் காரணி” என்று பெயர். அதை எப்படி அளக்கிறார்கள்? இது தெரிந்தால் பட்டறைக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஊஞ்சலைப் பாருங்கள்!

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். நம் வீட்டுக்கும் பட்டறைக்கும் வருவது அப்படி அல்ல. முன்னால் ஓடும், பின்னால் ஓடும், மறுபடி முன்னால் ஓடும். ஒரு விநாடியில் 50 தடவை இப்படிப் போய்த் திரும்புகிறது. அதனால்தான் அதை மாறுதிசை மின்சாரம் என்கிறார்கள். ஏ.சி. கரண்டு என்பதும் அதுவே.

இதை ஓர் ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலில் குழந்தை இருக்கிறது. தாய் தள்ளுகிறாள். தள்ளுகிற கைதான் மின்னழுத்தம். வோல்ட்டுக் கணக்கில் சொல்வது. ஊஞ்சலின் ஓட்டம்தான் மின்னோட்டம். ஆம்பியர் கணக்கில் சொல்வது.

ஊஞ்சல் முன்னால் போகும்போது தாயும் முன்னால் தள்ளினால், தள்ளியது முழுவதும் பயன்படும். ஊஞ்சல் பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே முன்னால் தள்ளினால்? கைதான் வலிக்கும்! தள்ளும் நேரமும் ஓடும் நேரமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இஸ்திரிப் பெட்டியிலும் ஹீட்டரிலும் இரண்டும் ஒன்றாகவே போகும். அழுத்தம் ஏறும்போது ஓட்டமும் ஏறும். இறங்கும்போது இறங்கும்.

மோட்டாரில் அப்படி இல்லை. அழுத்தம் முன்னே போகிறது. ஓட்டம் சற்றுப் பின்தங்கி வருகிறது. இந்தப் பின்தங்கலைத்தான் பேஸ் கோணம் என்கிறார்கள். புத்தகத் தமிழில் கட்டக் கோணம்.

நேரத்தின் பின்தங்கலைக் “கோணம்” என்று ஏன் சொல்ல வேண்டும்? மின்சாரம் ஒரு தடவை போய்த் திரும்புவதை ஒரு முழு வட்டமாக, அதாவது 360 பாகையாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வட்டத்துக்கு ஆகும் நேரம் 20 மில்லி விநாடி. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மில்லி விநாடி பின்தங்கினால் 18 பாகை. இரண்டரை மில்லி விநாடி பின்தங்கினால் 45 பாகை.

இறங்காத பயணிகள்

மோட்டாரில் ஏன் ஓட்டம் பின்தங்குகிறது?

மோட்டாருக்குள் இரும்பு இருக்கிறது. அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அந்த இரும்பு காந்தமாக மாறினால்தான் மோட்டார் சுற்றும். காந்தம் உண்டாக மின்சாரம் தேவை. மின்சாரம் திசை மாறும்போது, காந்தமும் கலைந்து மறுபடி உண்டாக வேண்டும். உண்டாகும்போது கம்பியிலிருந்து சக்தியை வாங்குகிறது. கலையும்போது வாங்கியதை அப்படியே கம்பிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தால் சரிதானே? இல்லை! அதில்தான் விஷயம் இருக்கிறது.

திருப்பூர் பஸ் நிலையத்திலிருந்து வேலம்பாளையத்துக்கு ஒரு டவுன் பஸ் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் 50 பேர் இருக்கிறார்கள். 35 பேர் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். மீதி 15 பேர் இறங்குவதே இல்லை. அதே பஸ்ஸில் திரும்பி வருகிறார்கள். மறுபடியும் போகிறார்கள். அவர்கள் வேலையும் செய்யவில்லை, டிக்கெட்டும் வாங்கவில்லை. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டார்களே! அடுத்த நிறுத்தத்தில் காத்திருப்பவர்களுக்காக இன்னொரு பஸ் அல்லவா விட வேண்டியிருக்கிறது?

காந்தத்துக்காகப் போய்த் திரும்பும் மின்சாரமும் இந்த இறங்காத பயணியைப் போன்றதுதான். சாதாரண யூனிட் மீட்டரில் அது பதிவாகாது. ஆனால் கம்பியில் இடத்தை அடைக்கும். கம்பியைச் சூடாக்கும். தெருமுனை டிரான்ஸ்பார்மரைத் திணற வைக்கும். மின்சார நிலையம் வரை அதன் பாரம் போகும்.

கம்பியில் வருவது போலத் தோன்றும் திறனில், உண்மையில் எவ்வளவு வேலைக்குப் போகிறது? இந்தப் பங்குதான் பவர் பேக்டர். முழுவதும் வேலைக்குப் போனால் 1. பாதி போனால் 0.50.

பின்தங்கல் கூடக் கூடப் பவர் பேக்டர் குறையும். பின்தங்கலே இல்லை என்றால் 1. முப்பது பாகை என்றால் 0.87. நாற்பத்தைந்து பாகை என்றால் 0.71. அறுபது பாகை என்றால் 0.50. தொண்ணூறு பாகை என்றால் பூஜ்யம்! பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் தெரிந்தவை. கணக்குப் புத்தகத்தில் கோணத்தின் கொசைன் என்று படித்திருப்பார்கள். பட்டறையில் அதே கொசைன் ரூபாயாக மாறி வருகிறது.

மலையிலிருந்து வந்த மின்சாரம்

1932-ம் ஆண்டு ஜனவரி மாதம். கொடியைக் கையில் பிடித்தபடி போலீஸ் தடியடிக்கு ஆளாகி, திருப்பூர் குமரன் உயிர் நீத்தார். அதே ஆண்டில்தான் நீலகிரி மலையில் பைகாரா மின்சார நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து விழும் தண்ணீரின் வேகத்தில் மின்சாரம் எடுத்து, கம்பிகள் வழியாகக் கோவைச் சீமைக்கு அனுப்பினார்கள். கோவை வட்டாரத்தில் மில்கள் பெருக அது பெரிய துணையாக இருந்தது.

மின்சாரம் வந்ததும் மோட்டார் வேண்டும் அல்லவா? 1937-ம் ஆண்டில் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்சார மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் அதுதான் என்று கோவைக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். நாளடைவில் கிணற்றுக்கு மோட்டார், மில்லுக்கு மோட்டார், பனியன் பட்டறைக்கு மோட்டார் என்று கொங்கு நாடு முழுவதும் மோட்டார் பரவியது.

மோட்டார் பரவிய இடமெல்லாம் பின்தங்கிய மின்னோட்டமும் கூடவே பரவியது!

உலகம் முழுவதும் இதே கதைதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில், மாறுதிசை மின்சாரத்தின் கணக்குப் பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அதை எளிதாக்கிக் கொடுத்தவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். ஜெர்மானியர். முதுகு கூனிய, குள்ளமான மனிதர். 1889-ம் ஆண்டில் அவர் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனபோது, அவரது உடலைப் பார்த்து அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்களாம். கூட வந்த நண்பர் அவருக்காகப் பேசி உள்ளே அழைத்துப் போனார். நான்கே ஆண்டுகளில், 1893-ல், சிகாகோ மாநாட்டில் தமது கணக்கு முறையை விளக்கினார் ஸ்டைன்மெட்ஸ். இன்றும் மின்சாரப் பொறியாளர்கள் அந்த முறையில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

மூன்று மீட்டர் போதும்

சரி, பவர் பேக்டரை எப்படி அளப்பது?

பழைய வழி ஒன்று இருக்கிறது. வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், வாட் மீட்டர் ஆகிய மூன்று மீட்டர் வேண்டும்.

ஒரு சிறிய மோட்டார் ஓடுகிறது. வோல்ட் மீட்டர் 230 காட்டுகிறது. ஆம்பியர் மீட்டர் 5 காட்டுகிறது. இரண்டையும் பெருக்கினால் 1,150. இது கம்பியில் வருவது போலத் தோன்றும் திறன். இப்போது வாட் மீட்டரைப் பார்க்க வேண்டும். அது 805 காட்டுகிறது. 805-ஐ 1,150-ஆல் வகுத்தால் 0.70. இதுதான் பவர் பேக்டர்.

வாட் மீட்டருக்கு மட்டும் இந்த உண்மை எப்படித் தெரிகிறது? அதற்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மின்னோட்டம் போகிறது. மற்றொன்று மின்னழுத்தத்தைப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் முள் நன்றாக நகரும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இழுத்தால் முள் குறைவாகவே நகரும். ஆகவே அது காட்டுவது உண்மையான வேலையை மட்டும்.

பட்டறைகளில் “டாங் டெஸ்டர்” என்ற கருவியை வைத்திருப்பார்கள். இடுக்கி போல வாயைத் திறந்து கம்பியைக் கவ்வும். கம்பியை அறுக்காமலே ஆம்பியரைச் சொல்லிவிடும். ஆனால் சாதாரண டாங் டெஸ்டர் ஆம்பியரை மட்டும்தான் சொல்லும். பஸ்ஸில் எத்தனை பேர் என்று சொல்லும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்லாது!

பெரிய பட்டறைகளில் மூன்று பேஸ் இணைப்பு இருக்கும். அதற்கு இரண்டு வாட் மீட்டர்களை வைத்தே அளந்துவிடலாம். இரண்டும் ஒரே அளவு காட்டினால் பவர் பேக்டர் 1. ஒன்று பூஜ்யம் காட்டினால் பவர் பேக்டர் 0.50. அதற்கும் கீழே போனால், ஒரு மீட்டரின் முள் பின்பக்கமாகத் திரும்பும்! “மீட்டர் கெட்டுவிட்டது” என்று புதியவர்கள் பயப்படுவார்கள். மீட்டர் சரியாகத்தான் இருக்கும். பவர் பேக்டர்தான் கெட்டிருக்கும்.

தொழில்நுட்பக் கல்லூரிகளில் இன்னொரு வழியும் உண்டு. ஆசிலோஸ்கோப் என்ற கருவியின் திரையில் அழுத்தம் ஓர் அலையாகவும், ஓட்டம் ஓர் அலையாகவும் தெரியும். இரண்டு அலைகளுக்கும் நடுவே இரண்டரை மில்லி விநாடி இடைவெளி இருந்தால் கோணம் 45 பாகை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவியைச் சுவர் மின்சாரத்தோடு நேராக இணைக்கக் கூடாது. அதற்கென்று தனித் துணைக் கருவிகள் வேண்டும். தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

காகிதத்தில் அளக்கலாம், வாருங்கள்!

தலைப்பில் சொன்ன விசித்திரக் கணக்குக்கு வருவோம். 1891-ம் ஆண்டில் அயர்ட்டன், சம்ப்னர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சொன்ன வழி இது. வாட் மீட்டரே வேண்டாம். வோல்ட் மீட்டர் மட்டும் போதும் என்றார்கள் அவர்கள்.

ஒரு ஹீட்டர் கம்பியையும் ஒரு விசிறி மோட்டாரையும் வரிசையாக இணைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் கம்பியில் 100 வோல்ட் காட்டுகிறது. விசிறி மோட்டாரில் 150 வோல்ட் காட்டுகிறது. இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு?

250 என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் மீட்டர் 230 காட்டுகிறது!

இருபது வோல்ட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஹீட்டரின் அழுத்தம் உச்சிக்குப் போகும் நேரம் வேறு. மோட்டாரின் அழுத்தம் உச்சிக்குப் போகும் நேரம் வேறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கயிறு இழுக்காவிட்டால், இருவர் பலமும் முழுதாகக் கூடுமா? அது போலத்தான்.

இந்த மூன்று எண்களிலிருந்து கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். குழந்தைகளின் ஜியாமெட்ரி பெட்டி போதும்.

பத்து வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 10 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். அது ஹீட்டர். கோட்டின் வலது முனையில் காம்பஸை ஊன்றி 15 சென்டிமீட்டரில் ஒரு வில் போடுங்கள். அது மோட்டார். இடது முனையில் ஊன்றி 23 சென்டிமீட்டரில் இன்னொரு வில் போடுங்கள். அது மொத்தம். இரண்டு வில்லும் வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் சேர்த்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும்.

இப்போது முதல் கோட்டை வலது பக்கம் நீட்டுங்கள். நீட்டிய கோட்டுக்கும் 15 சென்டிமீட்டர் கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்து பாருங்கள். சுமார் 47 பாகை வரும். அதுதான் மோட்டாரின் பேஸ் கோணம்! அதன் கொசைன் 0.68. அதுதான் பவர் பேக்டர்!

ஹீட்டரில் அழுத்தமும் ஓட்டமும் ஒன்றாகவே போகும் என்று முன்பே பார்த்தோம். ஆகவே ஹீட்டர் கோடு ஓட்டத்தின் திசையைக் காட்டுகிறது. மோட்டார் கோடு அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அதுவே கோணம். எவ்வளவு எளிமை, பாருங்கள்!

பில்லில் எப்படி வருகிறது?

பட்டறைகளில் இப்போது மின்னணு மீட்டர் இருக்கிறது. அது வேலைக்குப் போன மின்சாரத்தைத் தனியாகவும், தோற்றத்துக்கு வந்த மொத்தத்தைத் தனியாகவும் எண்ணிக்கொண்டே இருக்கும். வேலைக்குப் போனது 5,600 யூனிட். தோற்றத்துக்கு வந்தது 7,000 என்றால், 5,600-ஐ 7,000-ஆல் வகுக்க வேண்டும். சராசரி பவர் பேக்டர் 0.80.

இதற்கு விதி என்ன? தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட கட்டண ஆணையைப் பார்க்கலாம். தாழ்வழுத்த இணைப்பில் 18.6 கிலோவாட், அதாவது 25 குதிரைத் திறனும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலைகள், பவர் பேக்டரை 0.85-க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். உயர் அழுத்த இணைப்பு என்றால் 0.90. தாழ்வழுத்தத்தில் 0.85-லிருந்து ஒவ்வொரு 0.01 குறைவுக்கும், மின்சாரம் ஓட்டிய கட்டணத்தில் ஒரு சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 0.75-க்கும் கீழே போனால், ஒவ்வொரு படிக்கும் ஒன்றரை சதவீதம்.

மேலே சொன்ன பட்டறையில் 0.80. ஐந்து படி குறைவு. ஐந்து சதவீதம். ஓட்டிய மின்சாரத்துக்குக் கட்டணம் 40,000 ரூபாய் என்றால், கூடுதலாக 2,000 ரூபாய். ஒரு பனியன் கூடத் தைக்காமல், ஒரு கிலோ துணி கூடப் பின்னாமல், போய்விடுகிற பணம் இது!

“நான் ஓட்டாத கரண்டுக்கு எதற்குப் பணம்?” என்று கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். அந்தக் கரண்டு அவருக்கு வேலை செய்யவில்லை. ஆனால் அவருக்காகவே கம்பியில் வந்து திரும்பியது. அந்த இடத்துக்குத்தான் வாடகை.

வெளியே தெரியாத காரணங்கள்

எந்திரம் மாறாமலே பவர் பேக்டர் எப்படி இறங்கும்? ஒயர்மேன்கள் முதலில் தேடுவது மூன்று காரணங்களை.

ஒன்று: பெரிய மோட்டாருக்குச் சிறிய வேலை. ஐந்து குதிரைத் திறன் போதும் என்ற இடத்தில் பத்துக் குதிரைத் திறன் மோட்டார். காந்தத்துக்கு வேண்டியதை அது வாங்கியே தீரும், வேலையோ குறைவு. ஆகவே பவர் பேக்டர் விழும்.

இரண்டு: சும்மா ஓடும் மோட்டார். பழைய தையல் எந்திரங்களில் கிளட்ச் மோட்டார் இருக்கும். டெய்லர் துணியை எடுக்கும்போதும், பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். தைக்கும் நேரத்தில் மட்டும் சுற்றுகிற சர்வோ மோட்டார்கள் பிறகு வந்தன. இவற்றால் யூனிட்டும் மிச்சம்.

மூன்று: செத்துப்போன கெப்பாசிட்டர். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கெப்பாசிட்டர் என்ற மருந்து

பவர் பேக்டரைத் தூக்கி நிறுத்துவது கெப்பாசிட்டர். தமிழில் மின்தேக்கி.

மோட்டாரில் ஓட்டம் பின்தங்கும். கெப்பாசிட்டரில் ஓட்டம் முந்திக்கொள்ளும்! இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும்? மோட்டார் காந்தத்துக்காகச் சக்தி கேட்கும் நேரத்தில் கெப்பாசிட்டர் கொடுக்கும். மோட்டார் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் கெப்பாசிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளும். கொடுக்கல் வாங்கல் பட்டறைக்குள்ளேயே முடிந்துவிடும். இறங்காத பயணிகள் டவுன் பஸ்ஸில் ஏறவே மாட்டார்கள்!

ஒரு கணக்கு. 20 கிலோவாட் வேலை நடக்கும் பட்டறை. 415 வோல்ட், மூன்று பேஸ். பவர் பேக்டர் 0.70 என்றால், ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 40 ஆம்பியர் ஓடும். அதை 0.95-க்கு உயர்த்தினால் சுமார் 29 ஆம்பியர்தான் ஓடும். வேலை அதேதான். ஆனால் கெப்பாசிட்டருக்கு முன்னால் உள்ள கம்பியில் சூடாக வீணாகும் சக்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இதற்கு வேண்டிய கெப்பாசிட்டர் சுமார் 14 கே.வி.ஏ.ஆர். அளவு.

இந்த 14 எப்படி வந்தது? அளந்ததால் வந்தது! 0.70 என்று அளந்து தெரிந்த பிறகுதான் 14 என்று சொல்ல முடிந்தது. அளக்காமல், “பக்கத்துப் பட்டறையில் 25 போட்டிருக்கிறார்கள், நமக்கும் 25 போடு” என்றால் வம்புதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தேவைக்கு மேல் கெப்பாசிட்டர் இருந்தால், எந்திரங்கள் நின்ற நேரத்தில் ஓட்டம் முந்திக்கொண்டு வோல்ட்டேஜ் ஏறும். வேலை ஏறி இறங்கும் பட்டறைகளில், தேவைக்குத் தக்கபடி கெப்பாசிட்டர்களைத் தானே சேர்த்து விலக்கும் பெட்டி வைப்பது அதனால்தான்.

வைத்ததோடும் முடிந்துவிடாது. சூட்டிலும் வோல்ட்டேஜ் ஏற்றத்திலும் கெப்பாசிட்டர் நாளடைவில் வலு இழக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. சில உப்பிப் போயிருக்கும்; சில புதிது போலவே இருக்கும். டாங் டெஸ்டரால் அதன் ஆம்பியரை அளந்து, பெயர்த் தகட்டில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாதவருக்குப் பில்தான் சொல்லித் தரும்.

எச்சரிக்கை! சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கு ஆபத்து. உரிமம் பெற்ற மின் பணியாளர் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

புதிய எந்திரம், புதிய சிக்கல்

இப்போது வரும் எந்திரங்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு டிரைவ் இருக்கிறது. இவற்றில் பல, மின்னோட்டத்தைச் சீரான அலையாக வாங்குவதில்லை. துண்டு துண்டாகக் கடித்து வாங்குகின்றன. அலையின் உருவமே கெட்டுவிடுகிறது.

அப்படிப்பட்ட இடத்தில் கோணத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். கோணம் நன்றாக இருக்கும். பவர் பேக்டர் மோசமாக இருக்கும். உண்மையான வாட்டையும் உண்மையான வோல்ட், ஆம்பியரையும் அளந்து வகுத்தால்தான் சரியான விடை வரும். இங்கே வெறும் கெப்பாசிட்டரைச் சேர்த்தால், கெட்ட அலை அதற்குள் புகுந்து அதையே எரித்துவிடலாம். அதைத் தடுக்கும் சுருள்களோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும். என்ன நோய் என்று அளந்து பார்த்துவிட்டு மருந்து கொடுப்பதே நல்லது.

வீட்டுக்கு வேண்டாம் இந்தப் பெட்டி

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. “பிளக்கில் செருகினால் வீட்டுக் கரண்டு பில் பாதியாகும்” என்று சொல்லிச் சிறு பெட்டிகளை விற்கிறார்கள். பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு சிறு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும்தான். நம் வீட்டு பில் வேலைக்குப் போன யூனிட்டுக்கு மட்டும் போடப்படுகிறது. வீட்டுக்குப் பவர் பேக்டர் கட்டணம் இல்லை. இல்லாத கட்டணத்தை எந்தப் பெட்டி குறைக்கும்? பெட்டிக்குக் கொடுத்த பணம்தான் போகும்.

பட்டறைக்கு மருந்தாக இருப்பது வீட்டுக்கு ஏமாற்றாகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது எது? அளவுதான்.

பனியன் தொழிலில் எல்லாமே அளவு. நூலின் நம்பரை அளக்கிறார்கள். துணியின் எடையை அளக்கிறார்கள். மார்புச் சுற்றளவில் அரை அங்குலம் தவறினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அந்த எந்திரத்தை ஓட்டும் மின்சாரத்தையும் அதே கவனத்தோடு அளந்தால், மாதம் தோறும் போய்க்கொண்டிருக்கும் பணம் வீட்டிலேயே தங்கும்.

வேலம்பாளையத்துப் பட்டறைக்காரர் அடுத்த தடவை பில் வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்க வேண்டாம். பவர் பேக்டர் என்று ஒரு சிறிய எண் இருக்கும். முதலில் அதைப் பார்க்கட்டும். அது 0.85-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கீழே இருந்தால், ஒயர்மேனைக் கூப்பிட்டு, “தம்பி, முதல்ல அளந்து பாருங்க” என்று சொல்லட்டும்.